முப்பத்தோராம் பக்கத்துப் படம்

பத்மநாதன் கோபக்காரர் அல்ல. சுவிசின் லாங்கன்தால் நகரத்தில் அவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் படுத்தெழும்பிய குகதாசன் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவான். சோறு குழைந்தாலும் பேசமாட்டார், யாராவது அவருடைய துவாயை எடுத்துக் குளித்துவிட்டு ஈரத்தோடு போட்டாலும் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் 1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு ஊரையே எதிர்த்துக்கொண்டு நின்றார் என்றால், அதற்குக் காரணம் இருந்தது.

கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர் அவர். வாய்க்கால் எந்த இடத்தில் எத்தனை அங்குலம் சரியவேண்டும், எந்த மதகில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். எண்பத்துநாலாம் ஆண்டு மனைவி கலாவதியையும் மகளையும் கொக்குவிலில் விட்டுவிட்டு சுவிசுக்கு வந்தார். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அப்போது கிடைத்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: சமையலறை. லாங்கன்தாலிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்தில், 'ஹிர்ஷன்' என்ற பழைய விடுதியில் அவருக்கும் அதுவே கிடைத்தது. கோப்பை கழுவுவது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, சட்டி தேய்ப்பது.

விடுதியின் சொந்தக்காரி ஃப்ராவ் லூத்தி. அறுபது வயது தாண்டிய விதவை. கதைக்க ஆளில்லாதவர்; பத்மநாதன் கிழங்கு சீவும்போது எதிரே இருந்து தானும் ஒரு கத்தியை எடுத்துக்கொள்வார். விடுதிக்குப் பின்னால் இருந்த விளையாட்டு மைதானத்தின் கதையைப் பத்மநாதன் அப்படித்தான் கேட்டார். புகையிரதம் வந்த புதிதில் ஃப்ராவ் லூத்தியின் கணவருடைய பாட்டன் அந்த விடுதியைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை குடிக்க வருகிறவர்கள் குடித்துவிட்டு உடனே போய்விடக் கூடாது என்று, 1888இல் பின்பக்கத்துச் சதுப்பு நிலத்தை நிரவி, மல்யுத்தத்துக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரு திடல் செய்வித்தார். ஊர்க்காரர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். விளையாடியவர்கள் விடுதியில் குடித்தார்கள்; குடித்தவர்கள் போய் விளையாடினார்கள். இரண்டாம் உலகயுத்த காலத்தில் அரசாங்கம் சொன்னபடி முழு மைதானத்தையும் உழுது கிழங்கு போட்டார்களாம். பிறகு மறுபடி புல் விதைத்து, கால்பந்துக் கம்பம் நட்டார்கள்.

"அந்தக் கிழங்கு உழவோடு நிலம் கெட்டுப்போனது. மழை பெய்தால் குளம்" என்றார் ஃப்ராவ் லூத்தி.

உண்மைதான். சமையலறை யன்னலால் பார்த்தால் தென்மேற்கு மூலையில் ஏப்ரல் மாதம் முழுக்க வாத்துகள் நீந்தின.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் குகதாசன் ஒரு யோசனையோடு வந்தான். அவனும் சுற்றுவட்டாரச் சமையலறைகளில் வேலை செய்த பெடியளும் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். விளையாட இடம் இல்லை. பூங்காவில் விளையாடினால் பொலிஸ் வந்து கலைத்தது.

"பத்மண்ணை, உங்கட விடுதிக்குப் பின்னால மைதானம் சும்மாதானே கிடக்குது. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

மைதானம் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அதனால் பத்மநாதன் சங்கத் தலைவர் ஹெர் கைசரிடம் கேட்டார். கைசர் காப்புறுதி முகவர்; சிரித்த முகம், எவரையும் தோளில் தட்டிக் கதைக்கிற பழக்கம். அன்றும் தட்டினார்.

"மனமில்லாமல் இல்லை. நிலம் ஈரம். எங்கள் ஆட்களே வருடத்தில் பாதி நாள் விளையாட முடிவதில்லை. காய்ந்த நிலமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நீங்களும் தாராளமாக விளையாடலாமே!"

கைசர் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னார். பத்மநாதன் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஓடைக்கரையில் பாசி மூடிய ஒரு மண்குழாயின் வாய் தெரிந்தது. அதற்குள் விரலை விட்டார், வேர் தட்டுப்பட்டது. அந்தக் காலத்திலேயே வடிகால் போட்டிருக்கிறார்கள். வேரும் சுண்ணாம்பும் அடைத்து அது செத்துப்போயிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். நாற்பது வருடமாக ஊர் ஈரத்தைத் திட்டிக்கொண்டிருந்ததே தவிர, ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஃப்ராவ் லூத்தியிடம் இருபது மீற்றர் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் வாங்கித் தரச் சொன்னார். அதில் தண்ணீர் நிரப்பி, நிறம் தெரிவதற்காகச் சமையலறை ராஸ்பெரி சிரப்பைக் கலந்து, இரண்டு முனையையும் இரண்டு தடியில் கட்டி, நிலத்தின் மட்டம் பார்த்தார். எழுபது மீற்றருக்கு முப்பத்தைந்து சென்ரிமீற்றர் சரிவு. போதும். ஒரு கொப்பியில் வரைபடம் கீறினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய கை மறுபடியும் தன் சொந்த வேலையைச் செய்தது. அன்று பின்னேரம் அவர் சட்டி தேய்த்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்ததைக் கண்டு ஃப்ராவ் லூத்தி வந்து எட்டிப் பார்த்தார்.

கைசர் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்; குழாய்க்கும் சரளைக்கல்லுக்கும் ஃப்ராவ் லூத்தி பணம் தந்தார். திங்கட்கிழமை விடுதிக்கு ஓய்வுநாள். பெடியள் வேலை செய்த இடங்களுக்கும் அப்படியே. செப்டம்பர் முதலாம் திகதி தொடங்கி எட்டுத் திங்கட்கிழமைகள் தோண்டினார்கள். பத்மநாதன், குகதாசன், மகேந்திரன், யேசுதாசன், தவராஜா, ஐந்து பேர். வாரத்தில் ஆறு நாள் நின்று வேலை செய்த கால்களோடு ஏழாம் நாளும் கிடங்குக்குள் இறங்கினார்கள். களிமண் பாறை மாதிரி இருந்தது. யேசுதாசனுடைய இரண்டு உள்ளங்கையும் பொக்களித்து உடைந்தது. அடுத்த நாள் அதே கையை அவன் சவர்க்காரத் தண்ணீருக்குள் விட்டான். பழைய குழாயைத் துண்டு துண்டாக எடுத்து, புதிய மஞ்சள் குழாய் போட்டு, சரளைக்கல் நிரப்பி, புற்கட்டிகளை வெட்டிய ஒழுங்கிலேயே திரும்பப் பதித்தார்கள். ஃப்ராவ் லூத்தி மத்தியானம் சூப்பும் பாணும் கொண்டுவந்து கொடுத்தார். சங்கத்திலிருந்து ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை.

எட்டாவது திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கைசர் வந்தார். கழுத்தில் கமெரா. கூட நாலு சங்கத்து ஆட்கள். ஓடைக்குள் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து "அருமை! அருமை!" என்றார். பிறகு பெடியளைப் பார்த்து, "அந்த மண்வெட்டிகளை ஒரு நிமிடம் தாருங்கள், ஒரு படம்" என்றார்.

கொடுத்தார்கள். கமெராவைப் பத்மநாதனிடம் கொடுத்து எங்கே அமத்துவது என்று காட்டிவிட்டு, கைசரும் போய் வரிசையில் நின்றார். பத்மநாதன் சிரித்துக்கொண்டே அமத்தினார். நாலு பேரில் இளையவன் ரூடி, பால்காரன். அவன் மட்டும் மண்வெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்று, படம் முடிந்ததும் அது யாருடையது என்று கேட்டுத் தேடிப்போய் யேசுதாசனிடம் கொடுத்தான்.

வசந்தம் வந்தது. வாத்துகள் வரவில்லை. மைதானம் காய்ந்து கிடந்தது. பெடியள் புதுச் சப்பாத்து வாங்கினார்கள். பத்மநாதன் கைசரிடம் போனார்.

"இந்த வருடம் முடியாது. புது வடிகால் அல்லவா, நிலம் ஆறவேண்டும்" என்றார் கைசர். அதைச் சொன்ன அதே ஞாயிறு சங்கத்துக் குழு அங்கே இரண்டு ஆட்டம் ஆடியது. அடுத்த வருடம் கேட்டபோது காரணம் வேறு: சங்க உறுப்பினர் மட்டும்தான் விளையாடலாம், உறுப்பினராக நிரந்தர வதிவிட அனுமதி வேண்டும். கைசர் அதையும் தோளில் தட்டித்தான் சொன்னார்.

குகதாசன் அறைக்குள் நின்று குதித்தான். "எங்களைக் கொண்டு கிண்டுவிச்சுப்போட்டு இப்ப அனுமதி கேக்கிறானோ? கிண்டேக்க அனுமதி கேட்டவனோ?"

"பொறு. இந்த வருசம் மைதானத்துக்கு நூறு வயசு. புத்தகம் ஒண்டு அடிக்கினமாம். அதில எங்கட வேலை வரும். வந்தாப் பிறகு ஊருக்கு முன்னால இல்லையெண்டு சொல்லேலாது" என்றார் பத்மநாதன். அதை அவர் உண்மையாகவே நம்பினார். கலாவதிக்கு எழுதிய கடிதத்திலும் அதைப் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஆனாலும் இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஷெல்லடி, சாமான் தட்டுப்பாடு, பிள்ளையின் இருமல் எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: 'புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கோ. அப்பா என்ன வேலை செய்யிறார் எண்டு பிள்ளை கேக்கிறாள்.'

விழா ஓகஸ்ட் இருபதாம் திகதி சனிக்கிழமை. அதற்கு ஒன்பது நாள் முன்னதாகப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து விடுதியின் மேல்மாடி மண்டபத்தில் இறங்கின. நானூறு பிரதிகள். பெட்டிகளைத் தோளில் சுமந்து ஏற்றியவர் பத்மநாதன்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவுச் சமையல் தொடங்கும்வரை வேலையாட்களுக்குக் கிடைக்கும் மூன்று மணி நேரத்தை அங்கே 'சிம்மர்ஷ்டுண்டே' என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு புத்தகத்தையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்படிக்கட்டில் குந்தினார்.

ஒன்பதாம் பக்கம்: 1888இல் நிலத்தை நிரவியவர்கள் 'இத்தாலியர் சிலர்'. பெயர் இல்லை. கொடி தைத்துக் கொடுத்த சீமாட்டியின் பெயர் இருந்தது; முதல் மல்யுத்தத்தில் பரிசாகக் கொடுத்த செம்மறிக்கடாவின் பெயர்கூட இருந்தது.

முப்பத்தோராம் பக்கம்: அவர் எடுத்த படம். கைசரும் நாலு பேரும் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். கம்பத்தில் அவருடைய சிரப் கலந்த குழாய் தொங்குகிறது. கீழே ஐந்து பெயர்கள். அதற்கும் கீழே: 'எமது உறுப்பினர்கள் 1986 இலையுதிர்காலத்தில் எட்டு நாட்கள் ஊதியமின்றி உழைத்து மைதானத்தின் ஈரத்துக்கு முடிவு கட்டினர்.'

'உறுப்பினர்கள்' என்ற சொல்லை அகராதியில் தேடத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் தேடினார். வேறு ஏதாவது கருத்து இருக்கக்கூடும் என்ற ஒரு நப்பாசை. இருக்கவில்லை. எட்டு நாள் என்ற கணக்கைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறார்கள். நாளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியவில்லை! அந்த இத்தாலியருக்காவது 'இத்தாலியர்' என்று ஒரு சொல் கிடைத்தது. இவர்கள் ஐந்து பேரையும் அடியோடு துடைத்துவிட்டார்கள்.

ஏப்ரனைக் கழற்றாமலே அவர் கைசரின் வீட்டுக்கு நடந்தார்.

கைசர் வாசலிலேயே நின்று கதைத்தார். "அது ஒரு பொதுவான படம், பத்மா. உதவி செய்தவர்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம்தானே."

"படத்துக்குக் கீழே ஐந்து பெயர் இருக்கிறது. ஐந்தும் தோண்டாதவர்களின் பெயர்."

"அச்சடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வது?"

"ஒரு துண்டு அடித்து ஒட்டலாம்."

கைசரின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "உங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள்தானே? பிறகென்ன? ஒன்று சொல்கிறேன், உம்முடைய நன்மைக்காக. உம்முடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. இப்படியான நேரத்தில் ஊரில் குழப்பம் செய்கிறவர் என்று பெயரெடுப்பது நல்லதல்ல." சொல்லிவிட்டுத் தோளில் தட்டக் கையை நீட்டினார்.

பத்மநாதன் தோளை விலக்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கைசரின் பேச்சே அவருடைய காதுக்குள் இரைந்தது. கிளிநொச்சியில் அவர் சிங்களப் பொறியியலாளரின் கீழ் வேலை செய்தவர். அந்த மனிதர்கூட வரைபடத்தின் மூலையில் கீறியவரின் முதலெழுத்தைப் போடவிடுவார். சாப்பாடு போட்டார்களாம்! சூப்புக்காகவா எட்டுத் திங்கட்கிழமை கிண்டினார்கள்?

அன்றிரவு அறையில் விஷயத்தைச் சொன்னார். பெடியள் திட்டித் தீர்த்தார்கள். "விடுங்கோ அண்ணை. கேஸ் நடக்கிற நேரம்" என்றான் தவராஜா.

"விடமாட்டன்" என்றார் பத்மநாதன். "அவன் ஒட்டாட்டி நாங்கள் ஒட்டுவம்."

அகராதியை வைத்துக்கொண்டு, ஜெர்மன் மொழியில் அவரே எழுதினார். 'திருத்தம். இந்த வடிகாலை 1986 செப்டம்பர் 1 முதல் ஒக்டோபர் 20 வரை, எட்டுத் திங்கட்கிழமைகளில் தோண்டிப் போட்டவர்கள் பின்வருவோர்.' ஐந்து பேரின் முழுப்பெயர். கடைசியில் ஒரு வரி: 'படத்தில் நிற்பவர்கள் தோண்டவில்லை. படத்தை எடுத்தவர் தோண்டினார்.'

குகதாசன் அதை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தான். "பொலிஸுக்குப் போனால்?"

"நாங்கள் எழுதினது பொய்யெண்டு நிரூபிக்கட்டும். எங்களிட்டை வரைபடம் கிடக்குது, மட்டம் கிடக்குது, திகதி கிடக்குது."

லாங்கன்தால் தபாற்கந்தோரிலிருந்த பிரதியெடுக்கும் இயந்திரத்தில் ஒரு தாளுக்கு நாலு துண்டாக நூறு தாள் எடுத்தார்கள். பத்மநாதன் கோதுமைமாவில் பசை காய்ச்சினார். அடுத்த வாரம், செவ்வாயும் புதனும், சிம்மர்ஷ்டுண்டே நேரத்தில் ஐந்து பேரும் மேல்மாடியில் நிலத்தில் வட்டமாக இருந்து ஒட்டினார்கள். நானூறு புத்தகம். ஒவ்வொன்றிலும் முப்பத்தோராம் பக்கம், படத்தின் அடியில், அந்த ஐந்து பெயர்களையும் மூடி. ஒன்றும் கோணலாகக் கூடாது என்று பத்மநாதன் அடிமட்டம் வைத்து மகேந்திரனைக் கொண்டு சரிபார்ப்பித்தார்.

விழா நாளன்று வெயில் எறித்தது. கூடாரத்தில் முந்நூறு பேர், பித்தளை வாத்தியக்குழு, கொடிகள். மேடையில் கைசர் பேசி முடிக்க, மேசை மேசையாகப் புத்தகம் போனது. பத்மநாதன் கூடாரத்து வாசல் அடுப்பில் சொசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்குள் சத்தம் மாறியதைக் கவனித்தார். சிரிப்பு நின்றுபோனது. ஆட்கள் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். யாரோ ஒருவர் துண்டை உரக்க வாசித்தார். அதில் ஒரு பிழை இருந்ததாம், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"முதலில் ஜெர்மன் படிக்கட்டும்!" என்று கைசர் கத்தினார். கழுத்து சிவந்திருந்தது. "இது அவதூறு. எங்கள் உறுப்பினர்களை அவமானப்படுத்துகிறான். புத்தகங்களைத் திரும்பக் கொடுங்கள்!"

பத்மநாதன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்தின் நடுவில் வந்து நின்றார். "பிழை மொழியில். செய்தியில் பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

படத்தில் நின்றவர்களில் மூன்று பேர் பியர்க் குவளையைப் பார்த்தார்கள். பால்காரன் ரூடி எழும்பினான். அவனுடைய மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர் எழுதியது சரி. நான் பத்து நிமிடம் மண்வெட்டி பிடித்தேன், படத்துக்கு. தோண்டியவர்கள் இவர்கள்தான்" என்று சொல்லிவிட்டுக் குந்தினான்.

வாத்தியக்குழு அவசரம் அவசரமாக ஏதோ ஒன்றை வாசிக்கத் தொடங்கியது.

பத்மநாதன் சமையலறைக்குத் திரும்ப, ஃப்ராவ் லூத்தி பின்னால் வந்து கதவைச் சாத்தினார். "என் வீட்டுக்குள், என்னைக் கேட்காமலா?"

"ஓம்... ஆம், ஃப்ராவ் லூத்தி."

"கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்."

"அது தெரியும். அதனால்தான் கேட்கவில்லை."

கைசர் உம்மை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்கிறார் என்றார் ஃப்ராவ் லூத்தி. நிறுத்தமாட்டேன் என்று பதில் சொல்லியும் விட்டாராம். பத்மநாதன் நன்றி சொல்லவில்லை. அவருக்குள் தேங்கிக் கிடந்தது வெளியே வந்தது. "நீங்கள்தான் சூப் கொண்டு வந்தீர்கள். எட்டு நாளும் கண்ணால் கண்டீர்கள். புத்தகம் அச்சாகும் முன் உங்களிடம் வாசிக்கத் தந்தார்கள், இந்தச் சமையலறையில் இருந்துதான் வாசித்தீர்கள். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

ஃப்ராவ் லூத்தி நாற்காலியில் இருந்தார். "அவர்கள் நூறு வருடமாக இங்கே குடிக்கிறார்கள், பத்மா. என் பெயரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. 'விடுதிக்காரரின் மனைவி' என்றுதான் இருக்கிறது" என்றார்.

"பிறகேன் பேசாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார் பத்மநாதன். கேட்ட கையோடு சொசேஜைப் புரட்டப் போய்விட்டார்.

அன்று கூட்டத்தில் இருநூற்றைம்பது புத்தகம்வரை வீடுகளுக்குப் போய்விட்டது. மிச்சத்தில் சங்கத்தார் துண்டைக் கிழித்தெடுத்தார்கள். கோதுமைமாப் பசை இலேசில் விடாது. துண்டோடு கைசரின் பெயரும் மற்ற நாலு பெயரும் உரிந்து வந்துவிட்டன. அப்படியே விற்றார்கள். மன்னிப்பு என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பெடியளுக்கு அந்த மைதானம் கடைசிவரை கிடைக்கவில்லை; லாங்கன்தாலுக்கு வெளியே சரளைக்கல் தரையொன்றில் முழங்கால் உரிய விளையாடினார்கள். ஒட்டிய பிரதி ஒன்றைப் பத்மநாதன் பதிவுத்தபாலில் கொக்குவிலுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்பது நெடுநாள் தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில் ரூடியின் மைத்துனன் மூலம் சோலோதுர்னில் குழாய் பதிக்கும் ஒரு சிறு கம்பனியில் இடம் கிடைத்தது. அதற்கான அனுமதி வர ஐந்து மாதம் பிடித்தது. பத்மநாதன் கோப்பை கழுவுவதை விட்டார். முதலில் கிடங்கு வெட்டினார். பிறகு மட்டம் பார்க்கவும் விட்டார்கள். தாளின் மூலையில் தன் முதலெழுத்தைப் போடுவார். யாரும் தடுக்கவில்லை.

1989 நவம்பரில் ஒருநாள் குகதாசனைப் பார்க்க லாங்கன்தாலுக்கு வந்திருந்தார். புகையிரத நிலையத்தில் எதிரே ஹெர் கைசர். அதே சிரித்த முகம். ஒன்றுமே நடக்காததுபோலத் தொப்பியைத் தொட்டு, "க்ரூஸெக், பத்மா! எப்படிச் சுகம்?" என்று கையை நீட்டினார்.

குகதாசன் அவசரமாகத் தன் கையை நீட்டப் போனான். பத்மநாதன் அவனுடைய முழங்கையைப் பிடித்தார்.

"வா, பஸ் போகப்போகுது" என்று தமிழில் சொல்லிவிட்டு, கைசரைக் கடந்து நடந்தார்.

"பாவம் அண்ணை, மனிசன் வணக்கம்தானே சொன்னவர்" என்றான் குகதாசன் பஸ்ஸுக்குள்.

"முதல்ல அந்தப் பக்கத்தைத் திருத்தட்டும். பிறகு வணக்கம் சொல்லுவம்" என்றார் பத்மநாதன்.